தேங்காய்க்குத் தாயானவள்

தலைப்பிரசவம் ஒன்றைத் தன் வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் வீட்டுக்காரரின் பல வருஷத்து ஆசை. நியாயமாக அது எங்கள் மகள் மூலமாக நிறைவேறியிருக்க வேண்டும். அவளோ வேளச்சேரியில், எட்டிப் பார்த்தால் தலை சுற்றுகிற உயரத்தில் குடியிருக்கிறவள். கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. பிள்ளை உண்டான சேதியைச் சொன்ன அதே போனில், "அப்பா, ஆஸ்பத்திரியிலயே டயட் சார்ட் குடுத்துட்டாங்க. நீ எதையும் தூக்கிக்கினு வராத" என்று முன்கூட்டியே தடுப்பு போட்டுவிட்டாள். இவர் அதற்குள் நல்ல பூண்டு எந்தக் கடையில் கிடைக்கும், பால் சுறாவுக்கு யாரிடம் சொல்லி வைக்க வேண்டும் என்று மயிலாப்பூர் முழுக்க விசாரித்து முடித்திருந்தார். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற வேண்டும் என்று எங்கள் பக்கத்தில் பால் சுறாவை வேகவைத்து, புட்டாக உதிர்த்துப் போடுவார்கள். மகள் அதை மோந்துகூடப் பார்க்கவில்லை. ஓட்ஸ் கஞ்சியைக் குடித்தே பிள்ளையை வளர்த்தாள். பிள்ளையும் நன்றாகத்தான் இருக்கிறது. அதுதான் இவருக்குப் பெரிய வருத்தம்.

அந்த ஆசை சுற்றிச் சுற்றிக் கடைசியில் எங்கள் நாயிடம் வந்து நின்றது.

எங்கள் வீடு மந்தைவெளியில், ஒரு பழைய குடியிருப்பின் தரைத்தளம். முன்னறையில் என் தையல் மிஷின். நான் பிளவுஸ் தைப்பவள். அளவு கொடுக்க வருகிற பெண்கள் வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றால், "மூச்ச விடும்மா, தீபாவளியன்னிக்கு மூச்சு விடாம இருப்பியா?" என்று கேட்டுவிடுவேன். இந்த வாய்க்குப் பயந்தே பாதிப் பேர் ஒழுங்காக நிற்கிறார்கள். அவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலைதான் போனதே தவிர பழக்கம் போகவில்லை. வீட்டுக்கு நாலு பேர் வந்தால் இன்னும் "உள்ள போ, உள்ள போ, நடுவுல எடம் கீது பாரு" என்றுதான் வரவேற்பார்.

ஒரு பெருமழையில் தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர் ஓடியபோது எங்கள் வாசல்படி ஏறி வந்து உட்கார்ந்தவள் இந்த நாய். பழுப்பு நிறம். ஒரு காது நிமிர்ந்திருக்கும், இன்னொன்று மடிந்திருக்கும். "மழ வுட்டதும் போயிடும்மே" என்றார் அவர். மழை விட்டது. அவள் போகவில்லை. அவருக்கு அவள் கண்ணு. நான் கூப்பிடுவது மகாராணி என்று. வீட்டில் எத்தனை கோணிப்பை கிடந்தாலும், வெட்டி வைத்த பட்டுத்துணி எங்கே இருக்கிறதோ அங்கேதான் அவளுக்குத் தூக்கம் வரும்.

கருத்தடை ஆபரேஷன் செய்துவிடலாம் என்று நான் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். "பாவம்மே, ஒரு தபா பெத்துக்கட்டும், அப்பால பண்லாம்" என்று இழுத்தடித்தார். இழுத்தடித்தது வீண்போகவில்லை. வயிறு வெளியே தெரிந்ததும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. தினம் முட்டை, தினம் நடை, படி ஏறக்கூடாது, பட்டாசுச் சத்தம் கேட்கக்கூடாது. வளையல் ஒன்றுதான் அடுக்கவில்லை. நான் மகளைச் சுமந்த மாசங்களில் இவர் டபுள் டூட்டி பார்த்துக்கொண்டிருந்தார். அதைச் சொல்லிக் காட்டினால், "அப்ப ரிட்டயர் ஆவலியே" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்.

தீபாவளி நெருக்கத்தில், எனக்கு நிமிர நேரமில்லாத ஒரு மத்தியானம், மகாராணி என் துண்டுத்துணிக் கூடைக்குள் ஏறிப் படுத்துக் குட்டி போட்டாள். ஒரே ஒரு குட்டி. அவர் காய்கறிப் பையோடு ஓடி வந்து, சீட்டின் கீழே ஒளிந்திருக்கும் டிக்கெட் எடுக்காத ஆளைத் தேடுகிறவர் மாதிரி கூடையைக் கிளறப் பார்த்தார். "ஒண்ணுதானா? நல்லா பாரும்மே, இன்னொண்ணு கீது போல." இல்லை. ஒன்றுதான். கைப்பிடி அளவு, பழுப்பாக, மூடின கண்ணோடு, மெல்லிசாக முனகிக்கொண்டு. அவள் அதை நக்கி நக்கி ஈரமாக்கிவிட்டு, நிமிர்ந்து எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்த கர்வத்தை நான் எந்தக் கல்யாண வீட்டிலும் பார்த்ததில்லை. மிஷின் ஓட்டக்கூடாது என்று உடனே எனக்கு உத்தரவு வந்தது. தீபாவளிக்கு ஊரே ஜாக்கெட் இல்லாமல் நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலமே பட்டினப்பாக்கத்து மீன்காரம்மாவுக்குப் போன் போட்டார். எங்களுக்கு வழக்கமாக மீன் கொண்டுவருகிறவள். "பொறந்துடுச்சும்மா, நம்ம கண்ணுக்கு. நாளைக்கு நல்ல பால் சுறாவா பாத்து எட்த்தா."

காலையில் குட்டி செத்துக் கிடந்தது.

நசுக்கவில்லை, கடிக்கவில்லை. சும்மா கிடந்தது. அவள் மட்டும் அதை மூக்கால் புரட்டிப் புரட்டி நக்கிக்கொண்டிருந்தாள். அடையாறில் ஒரு நாய் டாக்டர் உண்டு, சின்ன வயசுப் பெண். அவளுக்குப் போன் செய்தேன். சில குட்டிகள் பிறக்கும்போதே பலமில்லாமல் பிறக்கும், யார் மேலும் தப்பில்லை என்றாள். அவர் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இந்த மாதிரி நேரத்தில் வீட்டில் யாராவது ஒருத்தர் காரியத்தைப் பார்க்க வேண்டும், அந்த ஒருத்தர் எப்போதும் நான்தான். "நீ அவள வெளிய கூட்டிக்கினு போய்யா" என்றேன். அவர் அவளைத் தெருமுனை வரை அழைத்துப் போன நேரத்தில் குட்டியைச் சிவப்புப் பட்டு லைனிங் துண்டில் சுற்றினேன். வாடிக்கைக்காரியின் துணிதான், இருக்கட்டும். பின்பக்கத்து வேப்பமரத்தடியில் புதைத்துவிட்டு, கூடையில் வேறு துணி மாற்றினேன். கண்ணில் படாமல் எடுத்துவிட்டால் மறந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

திரும்பி வந்தவள் நேராகக் கூடைக்குப் போனாள். துணி துணியாக வெளியே இழுத்துப் போட்டாள். மிஷினுக்கடியில் பார்த்தாள். கட்டிலுக்கடியில், குளியலறையில், அரிசி டப்பாவுக்குப் பின்னால் பார்த்தாள். நான் ஃபிரிட்ஜைத் திறந்தபோது ஓடி வந்து அதற்குள்ளும் தலையை விட்டாள். எல்லா இடமும் பார்த்து முடித்துவிட்டு, என் எதிரே வந்து நின்று, நிமிர்ந்த காதும் மடிந்த காதுமாக என் முகத்தைப் பார்த்தாள். நாய்க்குக் கேள்வி கேட்கத் தெரியாது என்று யாராவது சொன்னால் நான் இனி நம்பமாட்டேன். வாடிக்கைக்காரிகளுக்கெல்லாம் பதில் வைத்திருக்கிற நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். உள்ளே போய்ப் பாத்திரம் துலக்கினேன். துலக்கிய பாத்திரத்தையே திரும்பவும் துலக்கினேன்.

அந்த நேரம் பார்த்து வந்தாள் மீன்காரம்மா. கையில் பால் சுறா, முகமெல்லாம் சிரிப்பு. "எங்கேக்கா பாப்பா? பேரனா, பேத்தியா? ரெண்டாவதுன்னு சொல்லவே இல்லியே!" என்று செருப்பைக் கழற்றினாள். நம்ம கண்ணு என்று இவர் போனில் சொன்னதை அவள் எங்கள் மகள் என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள். தன் பங்குக்கு ஒரு கூறு சுறாவைக் காசில்லாமல் சேர்த்துக் கொண்டுவந்திருக்கிறாள். வாழ்நாளெல்லாம் சில்லறை இல்லை என்று சொல்லிச் சமாளித்த மனிதருக்கு இந்த ஒரு நிமிஷத்தைச் சமாளிக்கத் தெரியவில்லை. கூடையைக் கை காட்டினார். அவள் எட்டிப் பார்த்தாள், வெறும் கூடையையும் அதன் பக்கத்தில் படுத்திருந்த நாயையும் பார்த்தாள், புரிந்துகொண்டாள். "அடப்பாவி மனுசா" என்று அவரைத் திட்டினாள். அப்புறம் தரையில் குந்தி உட்கார்ந்து, மீன் வாசனை அடிக்கிற கையாலேயே நாயின் நெற்றியைத் தடவிவிட்டுப் போனாள். மீனைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

மகாராணி முதல் நாள் மத்தியானத்திலிருந்து வாயில் பச்சைத் தண்ணீர் வைக்கவில்லை. சோறு வேண்டாம், முட்டை வேண்டாம், பிஸ்கட் வேண்டாம். அவர் அடுப்பங்கரைக்குள் போனார். கல்யாணமான நாளிலிருந்து அங்கே தண்ணீர் குடிக்க மட்டும் போனவர், சுறாவை வேகவைத்து, தோல் உரித்து, முள் பார்த்து, உப்பு காரம் எதுவும் இல்லாமல் சோற்றில் பிசைந்து உருட்டினார். அவள் மோந்தாள். அவர் கையைப் பார்த்தாள். தின்றாள். "பாத்தியாம்மே! துண்றா பாரு!" என்று அவர் போட்ட கூச்சலில் மாடியிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். எனக்கும் சந்தோஷம்தான், மறைப்பானேன். சுறா தீரும் வரை வேளாவேளைக்கு அது நடந்தது. மகள் வேண்டாமென்ற பத்தியத்தை மனிதர் ஒரு வழியாகப் போட்டு முடித்தார்.

பால் எதற்கு ஊற வேண்டும், ஊறினால் அதைக் குடிக்க யார் இருக்கிறார்கள் என்று எங்கள் இரண்டு பேரில் ஒருத்தருக்காவது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. பெற்றவளுக்குப் போட வேண்டியதைப் போட்டோம், அவ்வளவுதான் தெரியும்.

இதற்கு நடுவில் சமையல்கட்டில் ஒரு தேங்காய் காணாமல் போனது. வெள்ளிக்கிழமைக்கென்று உரித்து, குடுமியோடு வெங்காயத் தட்டில் வைத்திருந்தேன். இவர்தான் எதற்கோ எடுத்திருப்பார் என்று ஒரு பாட்டம் திட்டி முடித்தேன். பிறகு மிஷினுக்கடியில் விழுந்த நூல் பாபினை எடுக்கக் குனிந்தால், அங்கே மகாராணி ஒருக்களித்துப் படுத்திருக்கிறாள். வயிற்றுக்கு அணைவாகத் தேங்காய். நார் நாராக, பழுப்பாக, அவள் நக்கிய ஈரத்தில் பளபளவென்று. நான் கை நீட்டியதும் குடுமியைப் பல்லால் மெதுவாகக் கவ்வித் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். குட்டியின் பிடரியைக் கவ்வுகிற அதே கவ்வல்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நாட்களில் எங்கள் வீட்டில் ஒரு தேங்காய்க்கு நடந்த உபசாரம் எங்களுக்கு நடந்ததில்லை. அவள் எழுந்து வெளியே போனால் தேங்காயின் மேல் வெயில் படாமல் இவர் துண்டு போட்டு மூடுவார். அது உருண்டு ஓடினால் நான் தையலை நிறுத்திவிட்டு எடுத்துக் கொடுப்பேன். அவள் எதிரே தேங்காய் உடைக்கக்கூடாது என்று அவர் சட்டம் போட்டதால் தினமும் தக்காளிச் சட்னி. வெள்ளிக்கிழமை சாமிக்கு வாழைப்பழத்தோடு முடிந்தது. வீடியோ காலில் இதைப் பார்த்த மகள், "அம்மா, ரெண்டு பேரும் நல்லாதான இருக்கீங்க?" என்று கேட்டாள். நல்லாத்தான் இருந்தோம். மகாராணி சாப்பிட்டாள், வாலை ஆட்டினாள். குறை தீர்ந்தது என்றே நினைத்தோம்.

ஒரு நாள் காலை அவள் எழுந்திருக்கவில்லை. வயிற்றில் கை வைத்தேன், சுட்டது. பால் கட்டி, மடியெல்லாம் கல்லாக இறுகியிருந்தது. தொட்டால் பல்லைக் காட்டினாள், அதுவரை எங்களிடம் காட்டாத பல். ஆட்டோ பிடித்து அடையாறுக்கு ஓடினோம். மெட்ரோவுக்காகத் தோண்டிய பள்ளங்களைச் சுற்றிச் சுற்றிப் போகிற வழியெல்லாம் அவள் தேங்காயை வாயிலிருந்து விடவில்லை. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து, கடைசியில் கேட்டேவிட்டார்: "இன்னா நைனா, தேங்காவும் கையுமா? வடபயனிக்கு வேண்டுதலா?" இவர் குனிந்து அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். அதிலிருந்தே அவர் எவ்வளவு பயந்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது.

டாக்டர் பெண் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு என்ன சாப்பாடு என்று கேட்டாள். இவர் பால் சுறா சேதியைச் சொன்னார், கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னார். அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கீழே வைத்தாள். "அங்கிள், குடிக்கக் குட்டி இல்லாதவளுக்குப் போய்ப் பால் ஊற வெச்சிருக்கீங்களே. அது எங்க போகும்?" மனிதர் சுருங்கிப்போனார். மாத்திரை எழுதினாள். சாப்பாட்டைக் குறைக்க வேண்டும், பாலைப் பீய்ச்சக்கூடாது, ஈரத்துணி போட வேண்டும். அடுத்ததாக விரலை நீட்டினாள். "அப்புறம் அந்தத் தேங்காய். அத அவ குட்டின்னு நெனச்சு அணைச்சு நக்கிக்கிட்டு இருக்கிற வரைக்கும் உடம்பு பால் சுரந்துக்கிட்டேதான் இருக்கும் ஆன்ட்டி. அதை எடுத்துடுங்க. இறுக்கம் இளகலேன்னா உள்ள சீழ் கட்டிடும். அப்புறம் கத்தி வெக்கறதத் தவிர வழியில்ல. உயிருக்கே ஆபத்தாகும்."

எடுத்துடுங்க. எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள். ஒரு தடவை எடுத்ததற்கே அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் சுமந்துகொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் நான் சொன்னேன்: "போன தபா நான் எட்த்தேன். இந்தத் தபா நீ." ஒப்புக்கொண்டார். அவள் மருந்து மயக்கத்தில் கண் மூடியதும் தேங்காயை எடுத்துப் பரண்மேல் வைத்தார். நான் வேறு வேலைகளைப் பார்த்தேன். முதல் மாடி மாமி சேதி கேட்டு இறங்கி வந்து, "பால் கட்டிண்டா எங்காத்துல மல்லிப்பூவ வெச்சுக் கட்டுவா. அப்படியே வத்திடும், பாரேன்" என்றாள். நாயை எட்ட நின்றே பார்க்கிற மாமி, தன் கைக்காசில் பூ வாங்கி வந்தாள். டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டேன். "பூதானே, கட்டுங்க, மாத்திரைய மட்டும் விட்டுடாதீங்க" என்றாள். என்னிடம் இருந்த மெல்லிய வாயில் புடவைத் துண்டில் பூவை வைத்து, அளவெடுத்து, நாலு பக்கமும் நாடா வைத்துத் தைத்துக் கட்டினேன். என் வாழ்நாளில் அளவு கொடுக்கும்போது மூச்சை இழுத்துப் பிடிக்காத ஒரே வாடிக்கைக்காரி அவள்தான். வீடு முழுக்கக் கல்யாண மண்டப வாசனை. நடுவில் மணப்பெண் பூவைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தாள்.

ஆனால் இறுக்கம் குறையவில்லை. மாத்திரை ஒழுங்காகப் போகிறது, சாப்பாடு அளவாகப் போகிறது, துணி மாற்றிக்கொண்டே இருக்கிறேன், மடி மட்டும் அப்படியே கல். டாக்டரம்மாவுக்கே புரியவில்லை. எனக்குப் புரிந்தது, நூல்கண்டு வாங்க லஸ் கடைத்தெருவுக்குக் கிளம்பியவள் பணப்பையை மறந்து பாதி வழியில் திரும்பி வந்த அன்றைக்கு. முன்னறையில் இவர் தரையில் உட்கார்ந்திருந்தார். எதிரே மகாராணி. நடுவில் தேங்காய். அவள் அதை நக்கிக்கொண்டிருக்க, இவர் விசிறிவிட்டுக்கொண்டிருந்தார். கையும் களவுமாக மாட்டிக்கொண்ட முகம் எப்படி இருக்கும் என்பதை அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தேன்.

"இன்னாய்யா இது?"

"அஞ்சு நிமிசம்மே. நீ போனப்பதான் குடுப்பேன். நீ வர்துக்குள்ள எட்த்து வெச்சிடுவேன்."

"தெனமுமா?"

"கத்திக்கினே கீறா. பரணப் பாத்துக் கத்திக்கினே கீறா. நீ மிஷின் சத்தத்துல இருக்கே, உனுக்குக் கேக்கல."

எனக்குக் கேட்டது. கேட்டுத்தான் மிஷினை இன்னும் வேகமாக மிதித்தேன். ஆனால் அதைச் சொல்ல இது நேரமா? கோபம் மூக்குக்கு மேல் ஏறியது. "அவ செத்துப்போவாய்யா. உன் பாசத்தாலயே செத்துப்போவா" என்று கத்தினேன். சொன்ன வார்த்தை எனக்கே சுட்டது. அவர் விசிறியைக் கீழே வைத்தார். கண் கலங்கியது. அந்த மனிதர் தன் அம்மா போனபோதுகூட எல்லோருக்கும் காப்பி ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தவர்.

துணிக்கூடையை ஓரமாகத் தள்ளிவிட்டு நானும் தரையில் உட்கார்ந்தேன். எனக்கு முட்டி வலி, உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு ஆள் வேண்டும். இருந்தாலும் உட்கார்ந்தேன். தூங்கும்போது எடுத்தாயிற்று, வெளியே போனபோது எடுத்தாயிற்று. இரண்டுமே அவளுக்கு உதவவில்லை. அவள் பார்க்க, அவள் எதிரிலேயே எடுப்பது என்று முடிவு செய்தேன்.

"இதப் பாரும்மா" என்றேன். மகாராணி என்று அப்போது வாயில் வரவில்லை. "இது தேங்கா. உன் புள்ள இல்ல. உன் புள்ள செத்துப்போச்சு. நான்தான் எட்த்துக்கினு போய்ப் பொதச்சேன். உன்னாண்ட சொல்லாம எட்த்தேன். வேப்பமரத்தாண்ட கீது. அது இனிமே வராது." சொல்லும்போதே, நாயிடம் போய் இப்படிப் பேசுகிறோமே என்று சிரிப்பு வந்தது. குட்டி போன நாளிலிருந்து அதற்காக நான் ஒரு சொட்டுக்கூட அழவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சேர்த்து வைத்து அழுதேன்.

தேங்காயின் மேல் இரண்டு கையையும் வைத்தேன். அவள் உறுமினாள். நான் எடுக்கவும் இல்லை, விடவும் இல்லை. அப்படியே வைத்திருந்தேன். கால் மரத்துப்போனது. அவள் தன் முன்னங்காலைத் தூக்கித் தேங்காயின் மேல், என் கைக்குப் பக்கத்தில் வைத்தாள். கொஞ்ச நேரம் ஒரு தேங்காயை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பிறகு அவள் குனிந்து தேங்காயை நக்கினாள். நக்கிக்கொண்டே வந்த நாக்கு என் விரலுக்கு வந்தது. விரலை நக்கினாள். நிறுத்தினாள். மோந்தாள். ஊசி குத்திக் குத்திக் காய்ச்சுப்போன விரல் நுனிகளை ஒவ்வொன்றாக மோந்தாள். மறுபடி நக்கினாள், இந்தத் தடவை பொறுமையாக, பின்கை, மணிக்கட்டு, வளையலுக்கு மேலே என்று. ஒரு இடம் விடாமல். குட்டியை நக்கியது போலவே.

நான் மெதுவாக இன்னொரு கையால் தேங்காயைப் பின்பக்கமாகத் தள்ளினேன். அவர் எடுத்துக்கொண்டார். அவள் அதைப் பார்த்தாள், பார்க்கவில்லை என்று சொல்லமாட்டேன். அவர் வாசலைத் தாண்டும் வரை பார்த்தாள். ஒரு சின்னச் சத்தம் போட்டாள். எழுந்து போகவில்லை. தலையை என் மடியில் வைத்துவிட்டு என் கையைத் தொடர்ந்து நக்கினாள். அவர் தேங்காயை எங்கே கொண்டுபோனார் என்று நான் கேட்கவில்லை. கடற்கரைப் பக்கமிருந்து வேட்டியெல்லாம் ஈரமாகத் திரும்பி வந்தார், அவ்வளவுதான் தெரியும்.

அதற்குப் பிறகு இரண்டாவது நாளே மடி இளக ஆரம்பித்தது. காய்ச்சல் விட்டது. ஆனால் என் பாடு திண்டாட்டமாகிவிட்டது. குளியலறைக்குப் போனால் வாசலில் காவல். மாடிப்படி ஏறினால் புடவைத் தலைப்பைக் கவ்வி இழுப்பாள். மத்தியானம் கொஞ்சம் கண்ணயர்ந்தால், மூச்சு வருகிறதா என்று மூக்கருகே மோந்து பார்ப்பாள். அளவு கொடுக்க வந்த ஒருத்தி பணத்துக்காகக் குரலை உயர்த்தியபோது எனக்கும் அவளுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டாள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு லாபம்.

டாக்டரிடம் கடைசியாகக் காட்டப் போனோம். வயிற்றை அழுத்திப் பார்த்தவள் சிரித்தாள். "சூப்பர் ஆன்ட்டி, நல்லா வத்திடுச்சு. இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், ஆபரேஷன் பண்ணிடலாம்." அவர் இந்தத் தடவை இழுத்தடிக்காமல் தலையாட்டினார். "தேங்காய்க்குப் பதிலா வேற எதையாச்சும் குட்டின்னு வெச்சுக்கிட்டு இருக்காளா? இருந்தா அதையும் எடுத்துடணும்" என்றாள்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா" என்றேன் நான்.

"பொய் சொல்றா டாக்டர்" என்றார் இவர், பஸ் முழுக்கக் கேட்கிற குரலில். "தோ, இவளத்தான் புள்ளன்னு வெச்சுக்கினு கீது. எங்க எட்த்து வெக்கிறது? பரண்ல ஏத்த முடியுமா?"

காத்திருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். டாக்டரும் சிரித்தாள். எனக்கு வந்த கோபத்தில் அவருக்கு வீட்டில் என்ன நடந்திருக்கும் என்பதை உங்களுக்கே விட்டுவிடுகிறேன். மேசையில் படுத்திருந்தவள் மட்டும் யாருடைய சிரிப்பையும் சட்டை செய்யாமல் என் முழங்கையை நக்கிக்கொண்டிருந்தாள். என் அம்மா போய் ரொம்ப வருஷம் ஆகிறது. இந்த வயசில் எனக்கு இன்னொரு அம்மா வந்து சேர்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கையை எடுக்காமல் நின்றுகொண்டிருந்தேன்.